மஞ்சள் வயர்

மார்க்கத்தில் பெரியம்மாவின் மகன்
நிலவறை துப்புரவாக்கி அனுப்பிய பெட்டி.
சம்பூ, சொக்லேட், குதி தேய்ந்த சப்பாத்து,
நடுவில் துவாயால் சுற்றின கறுத்த மெசின்.
பால்மா ரின்னில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது:
"புது ரீவியில போட்டு விளையாடுங்கோ."

அது நூற்றுப் பத்து வோல்ற் மெசின்.
நல்லகாலம், கதிர்காந்தன் பிளக்கைக் குத்த முதல்
அடியில் கிடந்த எழுத்தை வாசித்துவிட்டேன்.
அதுதான் என் தொழிலும்.
உடுப்புத் தொழிற்சாலையில் நாளுக்கு எண்ணூறு சேட்,
கொலர், கஃப், பொத்தான் ஓட்டை.
ஒரு இழை தப்பினாலும் சிவப்பு ஸ்ரிக்கர்.

விசுவமடுச் சந்தியில்
வோல்ற் இறக்கிற பெட்டி வாங்கினோம், செங்கல் பாரம்.
மஞ்சள் வயருக்கு ரீவியில் மஞ்சள் ஓட்டை இல்லை.
பச்சைக்குள் மஞ்சளைக் குத்தலாம் என்று
பின்பக்கத்தில் எறும்பெழுத்தில் போட்டிருந்தது.
குத்தினோம்.

வந்தது,
கறுப்பு வெள்ளையில்.
கனடாவின் நிறம் எங்கள் ரீவிக்கு விளங்காதாம்.
மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொன்று,
அங்கே 'பால்' என்று கிடந்ததை மாற்ற
வானம் நீலமானது.
"தேத்தண்ணியும் இனி வெறும் தேத்தண்ணிதான்" என்றான்.

தொப்பிக்காரன் அகலித்துப்போய் நின்றான்,
கலியாண வீட்டு வீடியோவில் எல்லாரும் தடித்துப்போற மாதிரி.
நாலுக்கு மூன்று என்று அமத்தினேன், மெலிந்தான்.
இரண்டு பக்கமும் கறுப்பு.
"காசு குடுத்த இடமெல்லாம் சும்மா கிடக்குது."

பிறகு பாய்ச்சல்.
இவன் அமத்துவான்,
தொப்பிக்காரன் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பாய்வான்,
அதற்குள் குழி.
பதினேழு தரம் செத்தான்.
படத்தை அழகாக்கிறேன் என்று
ரீவிதான் நேரம் எடுத்துக்கொண்டிருந்தது.
கேம் மோட் போட்டோம்.
அழகாக்காதே, உள்ளதைக் காட்டு.

அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போனது.

ஓவர்டைம் காசில் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன்:
சிவப்புக்கும் பச்சைக்கும் நீலத்துக்கும்
தனித்தனிப் பாதை உள்ள வயர்,
தீப்பெட்டியளவு மாற்றுப் பெட்டி.
மெசின் தருவது இருநூற்று நாற்பது கோடு.
ரீவியில் இரண்டாயிரத்து நூற்றறுபது.
ஒன்றை ஒன்பதாக்கினால் மிச்சமே இல்லை.
பில்லின் முதுகில் மூன்று தரம் பெருக்கிப் பார்த்தேன்.

கட்டம் கட்டமாய் வந்தது படம்,
அயன் பண்ணின மடிப்பு மாதிரி.
தொப்பியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறதே,
இவ்வளவு நாளும் தெரியாது.
ஒரு ஸ்ரிக்கரும் ஒட்ட இடமில்லை.

மூன்றாம் கட்டத்தில் அருவி.
மஞ்சள் வயரில் அது தண்ணீர்,
பின்னால் நின்ற மலை அதற்குள்ளால் தெரியும்.
இப்போது
ஒரு நீலத் தடி, ஒரு இடைவெளி,
ஒரு நீலத் தடி, ஒரு இடைவெளி.
அலம்பல் வேலி.

"தண்ணி எங்க?"
"இதுதான் அவங்கள் கீறினது.
தண்ணியைச் செய்தது உன்ர வயர்."
"அப்ப அந்த வயரைத் தா."
"ஏழாயிரம் ரூபா குடுத்திருக்கிறன்."
"இரணைமடுவில வான்கதவு திறக்கேக்க
துளி எண்ணவே போறனீ?"

பேசாமல் இருந்தோம்.
அடுத்த காணியில் அறுவடை மெசினுக்கு
ஆரோ கிறீஸ் போடுகிற சத்தம்.
தொப்பிக்காரன் வேலிக்கு முன்னால்
காலை ஆட்டிக்கொண்டு நின்றான்.

கதிர்காந்தன் உள்ளங்கையால்
வலக்கண்ணைப் பொத்தினான்.
இடக்கண் பீஸ் பட்டது.
கிளிநொச்சி ஆஸ்பத்திரிப் பலகையில்
மேல் எழுத்து மட்டும், அதுவும் புகையாய்.

"இப்ப விழுது" என்றான்.
"மலையும் தெரியுது."

நான் குசினி வாசல்வரைக்கும் பின்னுக்குப் போனேன்.
கண்ணைச் சுருக்கினேன்.
ஒன்றைப் பொத்தினேன், பிறகு மற்றதை.
நாற்பத்தொரு தடி.
நாற்பத்திரண்டு.